மாவை அரைத்து வையுங்கள், இட்லியை அவித்து வைக்காதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கும்பகோணத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஐந்து பேர் வட்டமாக உட்கார்ந்து பகடை உருட்டி டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் ஆடுவோம், அதாவது ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாக மாறி ஆடுகிற ஆட்டம். எதிர்வீட்டுப் பெரியவர் சாயங்காலம் எட்டிப் பார்த்து ஒவ்வொரு வாரமும் ஒரே கேள்வியைக் கேட்பார்: "யாருப்பா ஜெயிச்சது?" யாரும் ஜெயிக்கவில்லை என்றால் அவருக்குக் கோபமே வந்துவிடும். மூன்று மணி நேரம் கத்திக் கூச்சல் போட்டுவிட்டு யாரும் ஜெயிக்காமல் எழுந்து போவது என்ன ஆட்டம்?

அவர் பரவாயில்லை. இந்த ஆட்டத்தைக் கேள்விப்பட்டவர்கள்தான் இன்னும் குழப்புகிறார்கள். வேஷம் கட்டிக்கொண்டு ஆடுவது என்பார் ஒருவர், கம்ப்யூட்டர் கேமைக் காகிதத்தில் ஆடுவது என்பார் இன்னொருவர். இதையெல்லாம் விட மோசமான தவறான எண்ணம் ஒன்று இருக்கிறது: ஆட்டத்தை நடத்துகிறவர் பெரிய கதையை எழுதிக்கொண்டு வந்து மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்பது. நடத்த ஆசைப்படுகிற பாதிப் பேர் இதைக் கேட்டே பின்வாங்கிவிடுகிறார்கள், மீதிப் பேர் இதை நம்பி ராத்திரி பகலாகக் கதை எழுதி முதல் வாரமே நொந்துபோகிறார்கள். நான் இரண்டாவது வகை.

முதலில், இது என்ன ஆட்டம்

சின்ன வயதில் தென்னை மட்டையை வாளாகப் பிடித்துச் சண்டை போட்டிருப்பீர்கள். "நான் வெட்டிட்டேன், நீ செத்துட்ட." "இல்ல, கேடயத்துல தடுத்துட்டேன்." "உனக்கு ஏதுடா கேடயம்?" அங்கே ஆட்டம் நின்று நிஜச் சண்டை ஆரம்பிக்கும். டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் என்பது அதே தென்னை மட்டை ஆட்டம்தான். தகராறைத் தீர்க்க ஒரு நடுவர், கொஞ்சம் விதி, பகடை, இவ்வளவும் சேர்ந்தால் பெரியவர்களும் ஆடலாம்.

நாலைந்து பேர் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொள்வார்கள். ஒருவர் மட்டும் அப்படி எடுக்காமல் மீதி உலகம் முழுவதுமாக இருப்பார்: ஊர், மழை, எதிரி, டீக்கடைக்காரர், நாய், எல்லாம் அவரே. அவர்தான் கேம் மாஸ்டர், சுருக்கமாக ஜி.எம். (தமிழில் 'நடத்துநர்' என்று சொல்லிப் பார்த்தேன். "அண்ணே, பாபநாசம் ஒண்ணு" என்று பசங்க காசை நீட்டினார்கள். விட்டுவிட்டேன்.) அதே பாத்திரங்களோடு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தொடர்ந்து ஆடினால் அது கேம்பெயின். ஒரு தடவை உட்கார்ந்து எழுந்தால் அது ஒரு அமர்வு.

இந்த வகைக்கு அச்சில் வந்த முதல் ஆட்டம் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் கொண்டுவந்தார்கள். அதற்கு முன்பு மேஜைமேல் பொம்மைப் படைகளை நிறுத்திப் போர் ஆடுகிற பழக்கம் இருந்தது. ஒரு படைக்குப் பதில் ஒரே ஒரு ஆளை நீ நடத்து, அவன் பிழைத்தால் அடுத்த வாரமும் அவனோடு வா என்று மாற்றியதில்தான் இத்தனையும் கிளைத்தது.

பகடை எதற்கு, எப்போது

ஒரு ஆட்டக்காரர் "நான் இதைச் செய்கிறேன்" என்பார். அது நடக்குமா நடக்காதா என்று ஜி.எம். பார்ப்பார். நிச்சயம் நடக்கும் என்றால் நடந்தது, முடியவே முடியாது என்றால் முடியாது, இரண்டுக்கும் பகடை வேண்டாம். சொல்ல முடியாது, அதோடு தோற்றாலும் சுவாரசியம் என்கிற இடத்தில் மட்டும்தான் பகடை. புது ஆட்கள் படி ஏறுவதற்கெல்லாம் உருட்டச் சொல்லி ஆட்டத்தை இழுப்பார்கள்.

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸில் இதற்கு இருபது முகப் பகடை ஒன்று. ஜி.எம். ஒரு இலக்கு எண் சொல்வார்; பகடையில் விழுந்ததோடு பாத்திரத்தின் திறமைக்கான கூடுதலைச் சேர்த்தால் அந்த எண்ணைத் தொட வேண்டும். எளிதான காரியத்துக்கு 10, நடுத்தரம் 15, கடினம் 20. ராத்திரியில் வெள்ளம் போகிற கொள்ளிடத்தைப் பரிசலில் கடக்க 15 என்று வைத்துக்கொள்வோம். நம் ஆளுக்குக் கூடுதல் 3. பகடையில் 12 அல்லது மேல் விழ வேண்டும், அதாவது இருபதில் ஒன்பது முகங்கள், 45 சதவீதம். இலக்கை 10 ஆக்கினால் 7 விழுந்தால் போதும், 70 சதவீதம். ஜி.எம். வாயிலிருந்து வரும் ஒரு எண்ணுக்கு இவ்வளவு கனம்.

நம் வீட்டுத் தாயக்கட்டை போதாதா என்று கேட்பார்கள். ஆடலாம், ஆனால் கணக்கு வேறு. இரண்டு கட்டையில் பதினாறு விதமாக விழலாம், அதில் தாயம் விழுவது இரண்டே விதம், பன்னிரண்டு ஒரே விதம், மூன்று விழ நாலு விதம். இருபது முகப் பகடையிலோ எந்த எண்ணுக்கும் சமமாக 5 சதவீதம்தான். பகடை வாங்க முடியாவிட்டால் ஒன்று முதல் இருபது வரை சீட்டு எழுதிச் சொம்பில் போட்டுக் குலுக்குங்கள், எடுத்த சீட்டை மறுபடி உள்ளே போட மறக்காதீர்கள். நாங்கள் முதல் மூன்று மாதம் சொம்பில்தான் ஆடினோம்.

இதுவரை வந்தது இவ்வளவுதான்: ஆட்டக்காரர் முடிவெடுக்கிறார், ஜி.எம். உலகத்தின் பதிலைச் சொல்கிறார், இருவருக்கும் தெரியாத இடத்தில் பகடை சொல்கிறது. மூன்று பேருமே முன்கூட்டி முடிவை அறியாதவர்கள். இப்போது யோசியுங்கள், முடிவு வரை எழுதிய கதையை இதற்குள் எங்கே வைப்பது?

என் நாற்பது பக்கம்

முதல் கேம்பெயினுக்கு நாற்பது பக்க நோட்டு ஒன்றை முழுசாக எழுதி முடித்தேன். பாழடைந்த கோட்டை, உள்ளே சிறைப்பட்ட இளவரசன், அவன் சொல்லப்போகிற இரண்டு பக்க வசனம், சுரங்கம், துரோகம், எல்லாம். அமர்வு தொடங்கியது. கோட்டைக்குப் போகும் வழியில் சும்மா அழகுக்காக ஒரு படகுத்துறையைச் சொல்லிவைத்தேன். நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அண்ணே, அந்தப் படகு எங்க போகுது?" கடலுக்கு என்றேன், வாய் சும்மா இருக்காமல். ஏறிப் போயே போய்விட்டார்கள். இளவரசன் இன்னமும் அந்த நோட்டுக்குள்தான் சிறையில் இருக்கிறான்.

அன்றைக்கு நான் செய்தது அதைவிடப் பெரிய தப்பு. புயல் வந்தது என்றேன், படகு கவிழ்ந்தது என்றேன், கண் விழித்தால் கோட்டை வாசல் என்றேன். இதற்கு உலகம் முழுக்க ஜி.எம்.கள் வைத்திருக்கும் பெயர் தண்டவாளம் போடுவது: ஆட்டக்காரர் எதைத் தேர்ந்தாலும் ஜி.எம். நினைத்த ஸ்டேஷனில்தான் வண்டி நிற்கும். பசங்க கண்டுபிடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு "என்ன செய்றீங்க?" என்று கேட்டால், "நீங்களே சொல்லுங்கண்ணே" என்று போனைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

வீட்டில் அம்மா செய்வதைப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு எத்தனை பேர் வருவார்கள், யாருக்கு என்ன வேண்டும் என்று தெரியாதபோது யாராவது ராத்திரியே இட்லி அவித்து வைப்பார்களா? மாவை அரைத்து வைப்பார்கள். வந்தவர் இட்லி கேட்டால் இட்லி, தோசை கேட்டால் தோசை, மூன்றாம் நாள் புளித்தால் வெங்காயம் போட்டு ஊத்தப்பம். யாருமே வராவிட்டாலும் மாவு பிரிட்ஜில் இருக்கும். என் நாற்பது பக்கம் அவித்து வைத்த இட்லி. ஆறினால் கல்.

சரி, மாவு என்றால் என்ன

கதைக்குப் பதில் நிலைமையைத் தயார் செய்வது. நிலைமைக்கு மூன்று சாமான் வேண்டும்: ஆசையுள்ள ஆட்கள், அவர்கள் முட்டிக்கொள்ளும் இடம், நகர்ந்துகொண்டே இருக்கும் நேரம். ஒவ்வொன்றாகச் சொல்வதைவிட நான் இப்போது நடத்துவதையே காட்டிவிடுகிறேன்.

ஒரு வாய்க்கால். தலைமடையில் ஒரு பழைய மதகு, நடுவில் ஒரு மிராசுதார் ஊர், கடைமடையில் நாற்று கருகிக்கொண்டிருக்கும் ஒரு சின்ன ஊர். மதகைக் காக்கும் கிழவி பூங்காவனம் பலகையைத் தூக்க மறுக்கிறாள், ஏனென்றால் மதகின் அடியில் ஏதோ ஒன்று தூங்குகிறது, தண்ணீர் வேகமாக ஓடினால் விழித்துக்கொள்ளும். இது அவளுக்கு மட்டும் தெரியும். மிராசுதார் ராத்திரியோடு ராத்திரியாகக் கரையை வெட்டித் தன் வயலுக்குத் தண்ணீரைத் திருப்பப் பார்க்கிறார். கடைமடைப் பெண்கள் அரிவாளோடு கிளம்ப முடிவு செய்துவிட்டார்கள். இப்படி ஜி.எம். பேசி நடிக்கிற ஆட்களை என்.பி.சி. என்பார்கள். ஒவ்வொரு என்.பி.சி.க்கும் நான் எழுதுவது இரண்டே வரி: என்ன வேண்டும், அதற்காக எதுவரை போவார். வசனம் ஒரு வரிகூட எழுதுவதில்லை.

இந்த இரண்டு வரி எப்படி உதவும் என்றால், நம் பசங்க மிராசுதாரையும் பார்க்காமல் மதகுக்கும் போகாமல் மிராசுதாரின் ஆடு மேய்க்கிற பையனிடம் போய் உட்கார்ந்துவிட்டார்கள். அப்படி ஒரு பையனை நான் யோசிக்கவே இல்லை. ஆனால் மிராசுதார் கரையை வெட்டப் போகிறார் என்று தெரியுமே, அப்போது ஆட்டை அந்தக் கரைப் பக்கம் ஓட்டாதே என்று பையனிடம் சொல்லியிருப்பார்தானே? "ரெண்டு நாளா அந்தப் பக்கம் போவக் கூடாதுங்குறாருங்க" என்றான் பையன். பசங்க முகத்தில் பல்ப் எரிந்ததைப் பார்க்க வேண்டுமே. நான் சொன்னது யோசிக்காமல் வந்தது, ஆனால் மாவிலிருந்து வந்தது.

துப்புகளுக்கும் இதே முறைதான். ஆட்டக்காரருக்குத் தெரிந்தே ஆக வேண்டிய விஷயம் என்று ஒன்று இருந்தால் அதை ஒரே இடத்தில் பூட்டி வைக்காதீர்கள். மதகின் அடியில் ஏதோ இருக்கிறது என்பதற்கு மூன்று வழி வைத்தேன்: கிழவியின் தாலாட்டு, மதகுச் சுவரில் உள்ளிருந்து வெளியே போன கீறல், அங்கே மட்டும் மீன் படாத மடு. இரண்டைத் தவறவிட்டாலும் மூன்றாவது மாட்டும், மாட்டியது.

நேரம் என்கிற சாமான்

இதைத்தான் புது ஜி.எம்.கள் மறப்பார்கள், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். ஆட்டக்காரர் வரும்வரை வில்லன் கையைக் கட்டிக்கொண்டு குகையில் காத்திருந்தால் உலகம் செட் போட்ட மாதிரி இருக்கும். டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூரில் குறுவைக்குத் தண்ணீர் திறப்பார்கள், மூன்று நாலு நாளில் கல்லணைக்கு வந்து சேரும், அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து கடைமடைக்குப் போக இன்னும் நாளாகும். திறந்தாச்சு என்று செய்தி வந்த நிமிஷத்திலிருந்து, நீங்கள் வாய்க்காலைத் தூர் வாரினாலும் சரி, வாராமல் திண்ணையில் கிடந்தாலும் சரி, தண்ணீர் வந்துகொண்டேதான் இருக்கும்.

கேம்பெயினில் இதற்குக் கடிகாரம் என்று பெயர். ஒரு வட்டம் வரைந்து ஆறு துண்டாக்குங்கள். யாரும் தடுக்காவிட்டால் என்ன நடக்கும் என்று ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வரி. என் வட்டத்தில் முதல் துண்டு, மிராசுதார் ஆள் திரட்டுகிறார். மூன்றாவது, கரை வெட்டப்படுகிறது. ஐந்தாவது, அடியில் இருப்பது விழிக்கிறது. ஆறாவதை இங்கே சொல்லமாட்டேன், பசங்க படிப்பார்கள். நேரம் வீணாகும்போதும், பெரிய உருட்டலில் தோற்கும்போதும் ஒரு துண்டைக் கறுப்பாக்குவேன், அவர்கள் கண் முன்னாலேயே. யாரையும் எங்கேயும் தள்ள வேண்டியதில்லை. வட்டம் கறுக்கக் கறுக்க அவர்களே ஓடுவார்கள்.

ஆக, ஆட்களின் ஆசை, முட்டுகிற இடம், கறுத்துக்கொண்டே போகும் வட்டம். முடிவை எழுதவில்லை, முடிவு எனக்கும் தெரியாது.

நம்ம ஊருக்குத் தைப்பது

வாங்கிய சட்டையை அப்படியே போடலாம், கையைக் கொஞ்சம் பிடித்தும் போடலாம், துணியையே வெட்டித் தைக்கவும் செய்யலாம். கேம்பெயினை நமக்கேற்ப மாற்றுவதும் இப்படித்தான். ஆரம்பக்காரருக்குக் கையைப் பிடிப்பதே போதும்.

அதற்குப் பெயர் தோல் மாற்றுவது: எண்களைத் தொடாமல் தோற்றத்தை மட்டும் மாற்றுவது. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு விதிகளின் அடிப்படைப் பகுதி 2023 முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மூலம் எது என்று குறிப்பிட்டால் மொழிபெயர்க்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். அதில் ஓநாய்க்கு உயிர்ப்புள்ளி (எவ்வளவு அடி தாங்கும் என்ற கணக்கு) 11, அதன்மேல் அடி விழப் பகடையில் தொட வேண்டிய இலக்கு எண் 13, கூட்டாளி பக்கத்தில் இருந்தால் கடி இன்னும் சுலபமாக விழும். நான் ஒரு எண்ணையும் மாற்றாமல் அதைக் கரும்புக் கொல்லையிலிருந்து வரும் நரிக்கூட்டம் ஆக்கினேன். முதலைக்கு எதுவும் செய்யவே வேண்டாம், கொள்ளிடத்தில் நிஜமாகவே இருக்கிறது. பனிமலை அடிவாரத்து மதுக்கூடம் சத்திரம் ஆனது. தங்கக் காசு நெல் ஆனது, பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். கூலியாகப் பத்துக் கலம் கிடைத்தபோதுதான் அதை யார் தூக்குவது என்று ஒரு மணி நேரம் சண்டை, என் கேம்பெயினிலேயே சிறந்த ஒரு மணி நேரம் அதுதான்.

ஊர்ப் பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. தெரிந்த உலகத்தில் விளக்கம் குறையும். 'கடைமடை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாருக்கு வலி, யார்மேல் கோபம் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். பனிமலைக்கு அரை மணி நேரம் வர்ணனை கொடுக்க வேண்டும், கொடுத்தாலும் யாருக்கும் குளிராது.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பு. பழைய ஆட்டங்களில் சில இனங்களே பிறப்பால் கெட்டவை என்று இருக்கும். அதைத் தோல் மாற்றி நம் ஊருக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. என் உலகத்தில் யாரும் பிறந்த ஊராலோ தெருவாலோ எதிரி கிடையாது.

துணியையே வெட்டுவது, அதாவது உங்கள் ஆட்டத்துக்கென்று விதியையே மாற்றுவது, வீட்டு விதி. இதில் நிதானம் வேண்டும், ஒரு நூலை இழுத்தால் வேறெங்கோ பிரியும். காயத்தை ஆற்றும் பச்சிலை வரப்பெல்லாம் முளைத்துக் கிடக்கும் என்று ஒரு வாரம் தாராளமாக விட்டேன். அடுத்த வாரம் யாருக்கும் எதற்கும் பயமில்லை, முதலை வாய்க்குள் கையை விட்டுப் பார்த்தார்கள். ஒரு நேரத்தில் ஒரு விதி, இரண்டு அமர்வுக்குப் பிறகு வேண்டுமா என்று கேட்டு முடிவெடுப்பது என்று இப்போது வைத்திருக்கிறோம்.

ஆட்களுக்கும் தைப்பது

ஆட்டம் தொடங்குமுன் ஒரு நாள் பகடை இல்லாமல் உட்கார்ந்து பேசுங்கள். யாருக்குச் சண்டை பிடிக்கும், யாருக்குத் துப்பறிவது, எது இந்த ஆட்டத்தில் வரவே கூடாது. இதைப் பூஜ்ய அமர்வு என்பார்கள். எனக்கு முதலில் இது வெட்டிவேலையாகத்தான் பட்டது. அன்றைக்கு ஒரு தம்பி டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டே, "ஆத்துல முங்கிச் சாகுற மாதிரி மட்டும் வேண்டாம்ணே" என்றான். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. முழுக்க முழுக்கத் தண்ணீர்க் கதை, என்ன செய்வது? ஆறு ஆளைக் கொல்லாது, இழுத்துக்கொண்டு போய்ப் பொருளைப் பறித்துக் கரையில் போடும் என்று வைத்தோம். முன்னைவிட நன்றாகவே ஓடுகிறது, ஏனென்றால் இழந்ததைத் தேடி எல்லோரும் கரையோரமாக நடக்கிறார்கள், வழியில் ஊர்கள் வருகின்றன.

உட்கார்ந்த பிறகு

அப்படியானால் ஜி.எம். எதையும் திருப்பவே கூடாதா என்றால், திருப்பலாம். திருவாரூர்த் தேரை ஒரு தடவை வடம் பக்கத்திலிருந்து பார்க்காமல் சக்கரத்துப் பக்கத்திலிருந்து பாருங்கள். இழுப்பது ஊர்சனம். சக்கரத்தின் அடியில் கட்டையைச் செருகி, தேர் ஏறி நழுவும் கணக்கில் திருப்புகிறவர்கள் சில பேர்தான். 'முட்டுக்கட்டை போடாதே' என்று நாம் திட்டுகிறோம், அந்தக் கட்டை இல்லாவிட்டால் தேர் எதிர் வீட்டுக்குள் போயிருக்கும். ஜி.எம். பிடிக்க வேண்டியது வடத்தை அல்ல, அந்தக் கட்டையை. அரை மணி நேரமாகச் சத்திரத்திலேயே வழக்காடிக்கொண்டிருந்தால் வாசலில் ஒருவன் ரத்தத்தோடு வந்து விழட்டும், அவ்வளவுதான். அவனைக் காப்பாற்றுவதா, அவன் மடியைத் தடவுவதா என்பது அவர்கள் பாடு.

முதல் அமர்வுக்கு எவ்வளவு தயார் செய்வது என்று கேட்டால், ஒரு பக்கம், ஒரு மணி நேரம். மூன்று என்.பி.சி., ஆளுக்கு இரண்டு வரி. இரண்டு இடம். ஒரு வட்டம். அப்புறம் ஓரத்தில் பத்துப் பெயர், ஏனென்றால் வழியில் போகிற ஒவ்வொருத்தரிடமும் பெயர் கேட்பார்கள், யோசிக்காமல் சொன்னால் எல்லோரும் முருகனாகிவிடுவார்கள். எங்கள் வாய்க்காலில் இப்போது நாலு முருகன், ஒருவருக்கொருவர் உறவு என்று பசங்க நம்புகிறார்கள், நானும் இப்போதைக்கு மறுக்கவில்லை.